நிரந்தர முகவரி

(டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கர் நினைவு நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அழைப்பிதழில் நினைவுச் சொற்பொழிவு என்று போட்டிருக்கிறீர்கள். பார்த்ததும் கொஞ்சம் பயம் வந்தது. நான் பேராசிரியர் இல்லை. தபால்காரன். 1989இல் வேலைக்குச் சேர்ந்து 2023இல் ஓய்வு பெற்றேன். 34 வருஷம் தோளில் பை, காலடியில் சைக்கிள். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்றுதான். விலாசம். அதைப் பற்றியே பேசிவிட்டுப் போகிறேன்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊர்த் தெருவில் தபால்காரர் வீடு வீடாகப் போவார். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் ஓர் ஓடை. அதை மட்டும் தாண்டமாட்டார். எங்கள் பக்கத்துக் கடிதங்களையெல்லாம் ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்த டீக்கடையில் கொடுத்துவிடுவார். எங்கள் ஆட்கள் யாராவது கடைக்குப் போனால் கடிதம் வந்து சேரும். போகாவிட்டால் அங்கேயே கிடக்கும். அவர் கெட்ட மனிதர் இல்லை. எங்கள் அப்பாவை வழியில் பார்த்தால் நின்று நலம் விசாரிப்பார். ஓடையைத் தாண்டமாட்டார், அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியவர் என் அண்ணன். எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்துவைத்துக் காத்திருந்தார். ஒருநாள் கார்டு வந்தது. அது டீக்கடையில் நான்கு நாள் கிடந்திருக்கிறது. கைக்கு வந்தபோது அதன்மேல் டீ கிளாஸ் வைத்த கறை வட்டமாக இருந்தது. நேர்காணல் அதற்கு இரண்டு நாள் முன்பே முடிந்துவிட்டது. அண்ணன் யாரையும் திட்டவில்லை. அடுத்த வாரம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். இன்றைக்கும் அந்தக் கார்டைப் பற்றி அவரிடம் பேச்செடுக்க எனக்குத் தைரியம் கிடையாது.

நான் தபால்காரன் ஆனதற்கு அந்தக் கறைதான் காரணம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வழக்கமான வரிசையை மாற்றினேன். முதலில் சேரி, பிறகு ஊர். புகார் போயிற்று. விசாரிக்க வந்த அதிகாரியிடம், “தூரம் ஒன்றுதான் ஐயா, எந்தப் பக்கம் ஆரம்பித்தால் என்ன?” என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். சிரித்துக்கொண்டே எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். எந்தப் பக்கம் ஆரம்பிக்கிறோம் என்பதுதான் எல்லாமே என்று அவருக்கும் தெரியும்.

ஊர்த் தெருவில் ஓர் அம்மா இருந்தார். மகன் பம்பாயிலிருந்து மாதாமாதம் மணியார்டர் அனுப்புவார். நான் பணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர வேண்டும். அந்த அம்மா எடுத்துக்கொண்டு, மைப்பெட்டியில் தானே கட்டைவிரலைத் தொட்டுப் படிவத்தில் வைப்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது. மகனின் கடிதங்களை வாசலில் நின்று நான்தான் படித்துக் காட்டுவேன். மருமகளின் கோபம், பேரக்குழந்தையின் காய்ச்சல், வேலை போனது, கடன் வாங்கியது எல்லாம் என் வாய் வழியாகத்தான் அவருக்குத் தெரியும். சில நாள் அழுவார். “தம்பி, யார்கிட்டயும் சொல்லிடாதப்பா” என்பார். நான் சொன்னதில்லை. பதினோரு வருஷம் படித்தேன். வெயிலில் தாகம் என்றால் சொம்பை உயரப் பிடித்து என் கையில் ஊற்றுவார். அந்த வீட்டின் ரகசியம் எல்லாம் என்னிடம் இருந்தது. அந்த வீட்டின் சொம்பு மட்டும் என் கைக்கு வந்ததில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டதும் நான் வேலைக்குச் சேர்ந்த அதே 1989இல்தான். தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு அதற்கும் முன்பே சொல்லிவிட்டது. ஆனால் என்னைத் தம்பி என்று கூப்பிட்டு, என்னிடம் அழுது, என் கையில் தண்ணீர் ஊற்றிய ஒரு கிழவியைப் பற்றி எந்த ஸ்டேஷனில் போய் என்னவென்று எழுதிக் கொடுப்பது? வெட்டும் தீயும் செய்தியாகின்றன. இந்தச் சொம்பு எங்கேயும் பதிவாகவில்லை. அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

இப்போது அண்ணலிடம் வருகிறேன். 1917இல் வெளிநாட்டில் படித்துவிட்டு, படிப்புக்கு உதவிய பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்க வந்தார். தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைச் சொல்லிப் பதிவுசெய்து தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து, சாயங்காலத்துக்குள் காலி செய் என்றது. ஓர் இந்து நண்பரிடம் போனார். நீ வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் நண்பர். ஒரு கிறிஸ்தவ நண்பரிடம் போனார். மனைவியைக் கேட்க வேண்டும் என்றார் அவர். மீதிப் பொழுதைப் பூங்காவில் கழித்துவிட்டு அன்று இரவு பம்பாய்க்கு ரயில் ஏறினார். அப்போதே கொலம்பியாவில் படித்துவிட்டு வந்தவர். படிப்பு இருந்தது, வேலை இருந்தது. விலாசம் மட்டும் இல்லை.

இந்தக் கதை உங்களுக்குத் தெரியும். நானும் எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். அது எனக்கு உறைத்தது போன வருஷம்தான்.

என் மகள் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறாள். வீடு தேடினாள். போனில் எல்லாம் நல்லபடியாகப் போகும். வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் எல்லாம் பேசி முடிப்பார்கள். கடைசியில், “ஆதார் காப்பி வாட்ஸப்ல அனுப்பிடும்மா” என்பார்கள். ஆதாரில் சாதி கிடையாது, விலாசம் உண்டு. எங்கள் விலாசத்தில் காலனித் தெரு என்று இருக்கிறது. சாயங்காலம் பதில் வரும்: “ஸாரிம்மா, சொந்தக்காரங்க வர்றாங்க.” மூன்று வீடு இப்படிப் போயிற்று. யாரும் தடி எடுத்துக்கொண்டு வரவில்லை. யாரும் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. கூடவே கும்பிடுகிற கை பொம்மை ஒன்றும் அனுப்பியிருந்தார்கள்.

மூன்றாவது வீடு போன அன்று ராத்திரி அவளிடம் சொன்னேன்: “டவுன்ல மாமா வீட்டு விலாசத்தை ஆதார்ல மாத்திக்கோம்மா. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டாள்: “ஏம்ப்பா, 34 வருஷம் சரியான விலாசத்துக்குத் தபால் கொடுத்தீங்க. என்னைத் தப்பான விலாசம் எழுதச் சொல்றீங்களா?”

என்னிடம் பதில் இல்லை. அன்று தூங்கவும் இல்லை.

தோழர்களே, ஊரையும் தெருவையும் மறைத்து வாழ்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அண்ணலே பரோடாவில் வேறு பெயர் சொல்லித்தான் தங்க வேண்டியிருந்தது. தலைக்கு மேல் கூரை வேண்டும் என்பவனிடம் போய்ச் சுயமரியாதை வகுப்பு எடுக்கக் கூடாது. ஆனால் அவர் பிற்பாடு ஒன்று செய்தார். தான் சொன்ன பொய்யையும் சேர்த்து எழுதிவைத்தார். என்ன வாடகை, எத்தனை நாள், எந்த நண்பர் என்ன சாக்குச் சொன்னார் என்று எழுதினார். அந்த நினைவு வரும்போதெல்லாம் கண்ணீர் வருகிறது என்பதையும் மறைக்கவில்லை. எழுதாமல் விட்டிருந்தால் பரோடாவில் நடந்தது ஓர் இளைஞன் ரயில் ஏறிய விஷயமாகப் போயிருக்கும்.

காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நான் வரவேற்கிறேன். என் மகளின் ஆதாரில் அந்தச் சொல் இல்லாவிட்டால் ஒரு வீடாவது கிடைத்திருக்கலாம். ஆனாலும் ஒரு தபால்காரனுக்கு வருகிற சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். சேரி என்பது பழந்தமிழில் குடியிருப்புக்கு வழங்கிய சாதாரணச் சொல். ராஜராஜன் காலத்துத் தஞ்சாவூர்க் கல்வெட்டில் கம்மாணச்சேரியும் உண்டு, தீண்டாச்சேரியும் உண்டு. பிறகு சேரி என்றாலே நாம் என்று ஆக்கினார்கள். சேரி வேண்டாம் என்று காலனி வந்தது. அதையும் அழுக்காக்கினார்கள். அண்ணல் தம் புத்தகங்களுக்காகவே பார்த்துப் பார்த்துக் கட்டிய ராஜகிருஹம் பம்பாய் தாதரில் எங்கே இருக்கிறது தெரியுமா? இந்து காலனியில். அங்கே காலனி என்றால் மதிப்பு. நம் ஊரில் அதே சொல் வசவு. அழுக்கு சொல்லில் இருந்தால் துடைத்துவிடலாம். அது படிக்கிறவன் கண்ணில் இருக்கிறது. நாளைக்கு நம் தெருவுக்குப் பூவின் பெயர் வைத்தாலும், அந்தப் பூ எந்தப் பக்கத்துப் பூ என்று ஆறு மாதத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதனால் பெயர் மாறட்டும். கூடவே நாம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இங்கே மாணவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். வீடு தேடியபோது, ஹாஸ்டலில் அறை கேட்டபோது, ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரர் சொந்த ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டபோது உங்களிடம் என்ன வார்த்தை சொன்னார்கள்? நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? பொய் சொல்லியிருந்தால் அந்தப் பொய் என்ன? தேதி போட்டு எழுதுங்கள். கதையாக வேண்டாம், கவிதையாகவும் வேண்டாம். நடந்தது நடந்தபடி இருந்தால் போதும். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகையைத் தொடங்கினார். கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்த நம் ஆட்கள் வரைக்கும் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். அவர்கள் விலாசம் என்ன பெரிய விலாசமாக இருந்திருக்கும்? ஆனாலும் போய்ச் சேர்ந்தது. நீங்கள் எழுதுவதும் போய்ச் சேரும்.

என் மகள் இன்னும் மகளிர் விடுதியில்தான் இருக்கிறாள். ஆதாரை மாற்றவில்லை. மாற்று என்று நானும் பிறகு சொல்லவில்லை. மாற்றாதே என்றும் சொல்லவில்லை. அது அவள் முடிவு. அவள் கேட்ட கேள்விக்கு என்னால் முடிந்த பதில், இந்த மேடையில் நடந்ததைச் சொல்வதுதான்.

இந்த உரையை அச்சிடப்போவதாகச் சொல்லி என் விலாசம் கேட்டார்கள். படிவத்தில் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் இருந்தது. டவுன் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கை ஒரு நொடி நின்றது, மறைக்கவில்லை. பிறகு கதவு எண், காலனித் தெரு, ஊர், அஞ்சலகம், பின்கோடு என்று முழுசாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் எழுதியதை அந்த விலாசத்துக்கு அனுப்புங்கள்.

இப்போது எங்கள் தெருவுக்குத் தபால் வருகிறது.