சொந்தமாக ஒரு பட்டப்படிப்பை வடிவமைக்கலாமா?



தெம்பனிஸ் புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் நான்கு பெற்றோர் சந்தித்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். "உங்க பொண்ணு யூனிவர்சிட்டியில என்ன படிக்குது?" இந்தக் கேள்விக்குப் பதில் ஒரே சொல்லில் இருக்க வேண்டும். சட்டம், கணக்கியல், பொறியியல் என்றால் சரி. "வரலாறு" என்றால் ஒரு சின்ன மௌனம். "தமிழ், மொழியியல், சமூகவியல் மூன்றையும் சேர்த்து அவளே ஒரு பாடத்தை அமைத்துக்கொண்டிருக்கிறாள்" என்றால் அந்த மௌனம் கொஞ்சம் நீளும். பிள்ளை ஏதோ ஏமாந்துவிட்டது என்பது போல ஒரு பார்வையும் வரும்.

ஆனால் அப்படிப் படிக்கும் வழி சிங்கப்பூரிலேயே திறந்துவிட்டது. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் ஒருங்கிணைந்த கல்விக்கென ஒரு தனிக் கல்லூரியை அமைத்து, 2022 ஆகஸ்டில் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அங்கே மாணவர் முதலில் பல துறைகளைத் தொட்டுப் பார்க்கலாம். பிறகு இருக்கும் முதன்மைப் பாடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது பேராசிரியர்களின் வழிகாட்டலில், துறைகளை இணைத்துத் தமக்கென ஒரு முதன்மைப் பாடத்தை உருவாக்கி அனுமதி பெறலாம். தெம்பனிஸில் டவுன்டவுன் ரயில் பாதையில் ஏறினால் வண்டி மாறாமல் பென்கூலனில் இறங்கலாம். படிப்பு புதிது, ஆனால் தூரம் அதிகமில்லை.

தேசியப் பல்கலைக்கழகமும் மனிதவியலையும் அறிவியலையும் ஒரே கல்லூரிக்குள் கொண்டுவந்து 2021இல் மாணவர்களைச் சேர்த்தது. பொதுப் பாடங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, முதன்மைப் பாடம் ஒரு பங்கு, மற்றது மாணவர் விருப்பம். அங்கே பட்டியலில் இருப்பதைத்தான் கோத்துக்கொள்ள வேண்டும் என்றாலும், கதவு முன்பைவிட அகலம்.

அமெரிக்காவில் இது பழைய கதை. பிரவுன் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் முன்னின்று எழுதிய ஒரு நீண்ட அறிக்கையைத் தொடர்ந்து 1969இல் கட்டாயப் பாடங்களை நீக்கினார்கள். நியூயார்க் பல்கலைக்கழகம் 1972இல் தனிப்பயிற்சிக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கியது. இன்று அதன் பெயர் கேலட்டின் பள்ளி.

"அது வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு ஒத்துவராது" என்பவர்களுக்குத் தனிநாயகம் அடிகளை நினைவூட்ட வேண்டும். யாழ்ப்பாணத் தீவகத்தில் 1913இல் பிறந்தவர். ரோமாபுரியில் இறையியல் படித்துக் குருவானவர். லத்தீனும் பல ஐரோப்பிய மொழிகளும் கைவந்த பிறகு, திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோதுதான் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்; சங்கப் பாடல்களில் இயற்கை என்பது அவருடைய ஆய்வு. அதன்பின் லண்டனில் கல்வியியலில் முனைவர் பட்டம். இறையியல், லத்தீன், சங்க இலக்கியம், கல்வியியல். கீழ்த்தளத்துப் பெற்றோர் இந்தப் பட்டியலைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? "ஒன்றிலும் நிலைக்காத பையன்."

அந்தக் கலவை என்ன செய்தது பாருங்கள். 1954இல் வத்திக்கான் நூலகத்தில், அந்தாவ் தெ புரோவென்சா தொகுத்து 1679இல் அச்சான தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை அவர் கண்டெடுத்தார். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு அந்த நூலகத்தில் எங்கே தேடுவது என்று தெரியாது. லத்தீனும் போர்த்துக்கீசியமும் மட்டும் தெரிந்தவருக்கு அந்த அகராதியின் அருமை தெரியாது. இரண்டும் ஒரே தலைக்குள் இருந்ததால்தான் அது தமிழ் உலகத்துக்குக் கிடைத்தது. 1966இல் கோலாலம்பூரில் அதை மறுபதிப்பாக வெளியிட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடும் அங்கேதான் நடந்தது. அப்போது அவர் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவர்.

அந்தத் துறைக்கும் சிங்கப்பூருக்கும் தொடர்பு உண்டு. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு வந்தபோது, அதில் முதலிடம் தமிழுக்கா சமஸ்கிருதத்துக்கா என்று பெரிய விவாதம் எழுந்தது. தமிழுக்கே என்று நின்று போராடியவர் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி. 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு உழைப்பாளி மக்கள் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். துறை 1956இல் பிறந்தது. பல்கலைக்கழகத்துக்குள் காலே வைக்காத மக்கள், அங்கே என்ன கற்பிக்க வேண்டும் என்று முடிவெடுத்த நிகழ்ச்சி அது. இப்போது ஒரு மாணவி தனியாளாக அதைச் செய்ய நினைத்தால் பதறுவானேன்?

சரி, எப்படிச் செய்வது? பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. தனக்குப் பிடித்த பாடங்களையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் அதற்கு ஒரு பெயர் வைக்கிறார்கள். அது பட்டப்படிப்பு ஆகாது, பஃபே சாப்பாடு. முதலில் ஒரு கேள்வி வேண்டும். பத்து பாடங்களும் அந்த ஒரு கேள்விக்கு வேலை செய்ய வேண்டும்.

தெம்பனிஸில் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளலாம். பாட்டிக்குப் பலதுறை மருந்தகத்திலிருந்து வரும் கடிதங்களை அவள்தான் படித்துச் சொல்கிறாள். ஆங்கிலத்தில் இருந்தால் பாட்டிக்குப் புரிவதில்லை. தமிழில் ஓர் அறிவிப்பு வந்தாலும் சில சமயம் அவளுக்கே புரிவதில்லை. 2014இல் லாவ் பா சாட் பெயரைத் தமிழில் தப்பாக எழுதிய பலகையை மறந்திருக்க மாட்டீர்கள், சிரித்தோம், கோபப்பட்டோம். அதே ஆண்டில்தான் தேசிய மொழிபெயர்ப்புக் குழுவும் அமைக்கப்பட்டது. பெயர்ப்பலகையில் பிழை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். மாத்திரையை எப்போது சாப்பிடுவது என்பதில் பிழை என்றால்?

அவளுடைய கேள்வி இது: நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில், ஒரு பொது நிறுவனம் ஒரு தமிழ் மூதாட்டியிடம் எப்படிப் பேச வேண்டும்?

இந்தக் கேள்வியே பாடங்களைத் தேடிக் கொடுக்கும். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள இடைவெளியை அறிய மொழியியல். ஒரு வாக்கியம் இன்னொரு மொழிக்குப் போகும்போது எது தங்குகிறது என்பதற்கு மொழிபெயர்ப்பியல். நான்கு மொழிக் கொள்கை எப்படி வந்தது என்பதற்குச் சிங்கப்பூர் வரலாறு. முதியோர், குடும்பம், மருத்துவம் பற்றிச் சமூகவியல். கொள்கை எழுதப்படும் விதத்துக்கு ஒரு பொதுக் கொள்கைப் பாடம். நேர்காணல் எடுக்கவும் பழைய நாளிதழ்களைப் படிக்கவும் ஆய்வு முறை ஒன்று. இதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவதும் இதைத்தான். தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் பழைய 'தமிழ் முரசு' இதழ்களே கிடைக்கின்றன. இறுதி ஆண்டில், உண்மையான படிவம் ஒன்றை எளிய தமிழில் திருப்பி எழுதி, முதியவர்களிடம் கொடுத்துச் சோதித்து, முடிவை அறிக்கையாக எழுதலாம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை கிடையாது. தமிழ்மொழி, இலக்கியப் பட்டப்படிப்பு இருப்பது சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில். வெளியில் படிக்கும் பாடம் கணக்கில் சேருமா, எந்தப் பருவத்தில் நடக்கும் என்பதையெல்லாம் முன்மொழிவு எழுதுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காகிதத்தில் அழகாக இருந்து, நடத்த ஆளில்லாமல் போகும் திட்டங்கள்தான் அதிகம்.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு மழுப்பலான பதில் கூடாது. வழக்கறிஞராக வேண்டும் என்பவர் சட்டம் படிக்க வேண்டும். பள்ளி ஆசிரியராக விரும்புபவர் கற்பிக்கப்போகும் பாடத்தில் நேரடிப் பட்டம் எடுப்பதே பாதுகாப்பு. சொந்தமாக வைத்த பெயரை முதலாளி எவரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அதனால் பெயர் எளிமையாக இருக்க வேண்டும். "பல்மொழிச் சமூகத்தில் பொதுத் தொடர்பு" என்றால் ஒரு மருத்துவமனை அதிகாரிக்கோ அமைச்சு அதிகாரிக்கோ விளங்கும். நாற்பது எழுத்தில் தத்துவப் பெயர் வைத்தால் நேர்காணல் முழுவதும் பெயர் விளக்கத்திலேயே போய்விடும்.

இன்னொரு பயமும் நியாயமானது. யேல்-என்யுஎஸ் கல்லூரி 2013இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. 2021இல் மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. 2025இல் கடைசி அணி பட்டம் பெற்றது. புதிய ஏற்பாடுகள் நிலைக்குமா என்று பெற்றோர் கேட்பதில் தவறில்லை. ஆனால் அங்கே சேர்ந்தவர்கள் நடுவில் கைவிடப்படவில்லை, படித்து முடித்தே வெளியேறினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சொல். தெமாசெக் தொழிற்கல்லூரி இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே மூன்றாண்டு ஒரு கைத்தொழிலோடு பழகியவருக்குக் கேள்வி கண்டுபிடிப்பது தொடக்கக் கல்லூரி மாணவரைவிடச் சுலபம். வேலைப் பயிற்சியில் எது சரியாக நடக்கவில்லை என்று அவர் கண்ணால் பார்த்திருப்பார். அதையே எழுதிப் பார்க்கலாம்.

முதல் வரைவு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கேள்வி, பாடங்கள், எந்தப் பாடம் எதற்கு, இறுதி ஆய்வு என்ன. அதை எடுத்துக்கொண்டு மேற்பார்வைக்கு ஒரு பேராசிரியரைத் தேடிப் போக வேண்டும். முதலில் சந்திப்பவர் மறுத்தால் ஏன் என்று கேட்டு எழுதிக்கொண்டு, வரைவைத் திருத்தி, அடுத்தவரிடம் போகலாம். பெற்றோர் அந்த ஒரு பக்கத்தை வாசித்துவிட்டுக் கேள்வி கேட்கட்டும். தமிழில் விளக்க முடியாத இடம் எங்கே வருகிறதோ, அங்கேதான் வரைவு இன்னும் தெளிவாகவில்லை.