கூழ்ப்பானைக்குள் ஒரு விலங்கியல் பாடம்



போன ஞாயிறு எங்கள் வீட்டில் ஒடியற்கூழ். நண்டு, இறால், கணவாய் எல்லாம் கழுவிக்கொண்டிருந்தேன். பேத்தி வந்து, "அம்மம்மா, இதெல்லாம் மீன்தானே?" என்றாள்.

"இல்லைப் பிள்ளை. மீனுக்கு முள்ளந்தண்டு இருக்கு, இதுகளுக்கு இல்லை" என்றேன். உலகிலுள்ள விலங்கினங்களில் நூற்றுக்கு 95க்கு மேற்பட்டவை இப்படி முள்ளந்தண்டு இல்லாதவைதான்.

நண்டும் இறாலும் கணுக்காலிகள். பூச்சிகளுக்கு உறவு. வெளியே ஓடு, வளரும்போது பழையதைக் கழற்றிவிட்டுப் புதியது போடும். கணவாயோ மெல்லுடலி. நத்தைக்கும் மட்டிக்கும் உறவு. அதன் ஓடு உடம்புக்குள்ளே இருக்கும். உருவிக் காட்டினேன், பிள்ளை வாயைப் பிளந்தாள்.

பிறகு நண்டைப் புரட்டினேன். வயிற்று மடல் அகலமென்றால் பெண், ஒடுக்கமென்றால் ஆண். மயிலிட்டிக் கரையில் என் ஐயா காட்டித்தந்தது. 1990இல் அந்தக் கரையை விட்டு எழும்பினோம். ஐயா திரும்பிப் பார்க்காமலே கண்மூடிவிட்டார்.

இவற்றின் வகுப்புப் பெயர்களைப் பேத்தி பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் படிப்பாள். நண்டைப் புரட்டிப் பார்க்க நாங்கள்தான் பழக்கவேண்டும். அடுத்த முறை கூழ் காய்ச்சும்போது பிள்ளைகளைக் குசினிக்குள் கூப்பிடுங்கள்.