ராப் பாட, பாட்டு வர வேண்டுமா?

(நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காக ஆங்காங்கே சுருக்கப்பட்டது.)



செயலாளர் என்னை 'நூற்பாலைகளில் மின்சாரச் சிக்கனம்' பற்றிப் பேசச் சொல்லியிருந்தார். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் அதைப் பேசினால் அடுத்த வருடம் கூட்டத்துக்கு ஆள் வராது. அதனால் வேறு விஷயம் பேசுகிறேன். இது பதினைந்து வருடத்துக்கும் மேலாக என் மனசில் உறுத்திக்கொண்டிருக்கிற விஷயம்.

2007ஆம் வருடம். நாங்கள் மூன்றாம் ஆண்டு. கல்ச்சுரல்ஸில் மெல்லிசைப் போட்டிக்குப் பெயர் எழுதுகிற பொறுப்பு என்னிடம். காரணம், நாகல் நகர்ப் பக்கம் ஒரு வாத்தியாரிடம் ஆறு வருடம் மிருதங்கம் கற்றவன் நான். வகுப்பில் 'வித்வான்' என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்குத்தான், ஆனால் எனக்கு உள்ளுக்குள் பெருமை.

வேடசந்தூர்க்காரன் ஒருவன் வந்தான். பெயர் சொல்ல வேண்டாம், நம் செட்டுக்குத் தெரியும். "மாப்ளே, என் பேரையும் எழுதிக்க. ராப் பண்ணப் போறேன்" என்றான். அதற்கு முந்தின வருடம்தான் மலேசியாவிலிருந்து யோகி பி - நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' வந்திருந்தது. ஹாஸ்டலில் எல்லார் செல்போனிலும் அதுதான். ஆனால் இவன் அதைப் பாட வரவில்லை. சொந்தமாக எழுதியிருந்தான். அவன் அப்பா மில்லில் நைட் ஷிஃப்ட். விடியக்காலை சைக்கிளில் வீடு வருவது, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருப்பது, அதைப் பற்றி.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சுருதி இல்லாதது பாட்டு இல்லைடா. பேச்சுப் போட்டி மாடியில நடக்குது, அங்க போ."

அவன் ஒன்றும் பேசாமல் போய்விட்டான். மறுநாள் மேடையில் மைக் ரிப்பேராகி, சரிசெய்ய நேரமானபோது, யாரோ அவனைத் தள்ளிவிட்டார்கள். ஹாஸ்டல் பக்கெட்டைக் கவிழ்த்து ஒருவன் தட்ட, இவன் மைக் இல்லாமலே மூன்று நிமிஷம் சொன்னான். கை தட்டல் எப்படி என்று இங்கே இருக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். பரிசுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. நான்தான் எழுதவில்லையே! அதற்கப்புறம் கடைசி வருடம் முழுக்க அவன் என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சரி, நான் சொன்னது தப்பா, இல்லையா? ராப் பாடுவதற்கு உண்மையிலேயே சங்கீத ஞானம் வேண்டுமா, இல்லை வாய் வேகம் மட்டும் போதுமா?

இதன் பிறப்பைப் பார்த்தால் என் கட்சிக்குத்தான் பலம் இருக்கிற மாதிரி தெரியும். 1973 ஆகஸ்டு 11ஆம் தேதி நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு அபார்ட்மெண்டில் நடந்த விருந்தில், கூல் ஹெர்க் என்ற இளைஞர் இரண்டு ரிக்கார்டு பிளேயர்களை வைத்துக்கொண்டு, பாட்டில் டிரம் மட்டும் தனியாக வருகிற இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டி நீட்டினார். ஆடுகிறவர்களை உசுப்ப மைக்கில் பேசினார்கள். அந்தப் பேச்சு எதுகையோடு, தாளத்தோடு வளர்ந்து ராப் ஆயிற்று. பாடகர் என்று யாரும் அங்கே இல்லை. ஆனால் அதே வழியில் வந்த கென்ட்ரிக் லாமர் 2018இல் புலிட்சர் பரிசு வாங்கினார். இலக்கியத்துக்கு இல்லை, இசைக்கு.

தமிழில் பலருக்கும் முதல் அறிமுகம் 1994இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்'. ஏ.ஆர். ரஹ்மான் இசை. சுரேஷ் பீட்டர்ஸ், ஷாகுல் ஹமீதோடு நம் பக்கத்து தேனி குஞ்சரம்மாளும் பாடியது. கிராமத்துப் பாட்டுப் பாடுகிற அம்மாள் குரல் அதில் ஒட்டாமல் நிற்கிறதா? இல்லையே! அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அன்றைக்கு நான் சின்னப் பையன். 2007இல் அந்தச் சாக்கு கிடையாது.

2020இல் ஊரடங்கு. பழனியில் இருக்கிற அக்கா மகன், "மாமா, உங்களுக்குத்தான் தாளம் தெரியுமே, இதச் சொல்லிப் பாருங்க" என்று தான் எழுதியதை அனுப்பினான். நான் எஞ்சினியர் புத்தியோடு கணக்குப் போட்டேன். நிமிஷத்துக்கு 90 அடி. ஓர் அடிக்கு நாலு எழுத்து. அப்படியானால் வினாடிக்கு ஆறு எழுத்து. பதினாறு அடிக்கு 64 எழுத்து, கிட்டத்தட்ட பத்தே முக்கால் வினாடி. நடுவில் மூச்சு விட இடம் எங்கே? அவனே ஒரு கால் அடி ஒதுக்கியிருந்தான். அதாவது ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்கு.

நான் சொல்லிப் பார்த்தேன். முதல் சுற்று வந்தது. இரண்டாவதில் சமத்துக்கு ஒரு மயிரிழை பின்தங்கினேன். மூன்றாவதில் மூச்சு முட்டி நின்றுவிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் என் மனைவி, "என்னங்க, இருமலா?" என்றாள். ஆறு வருடம் மிருதங்கம் வாசித்த வித்வான்!

அன்றைக்கு ராத்திரி என் வாத்தியார் ஞாபகம் வந்தது. முதல் சில மாதம் அவர் என்னை வாத்தியத்தைத் தொடவே விடவில்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டு தகதிமி, தகிட, தகதகிட, தகிடதகதிமி என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். "வாயில வராதது கையில வராதுடா" என்பார். நாலு, மூணு, அஞ்சு, ஏழு. சதுஸ்ரம், திஸ்ரம், கண்டம், மிஸ்ரம். இதையே மேடையில் தனிக் கலையாகச் செய்தால் அதற்குப் பெயர் கொன்னக்கோல். மன்னார்குடி பக்கிரியா பிள்ளை போன்றவர்கள் அதிலேயே பெயர் வாங்கினார்கள். ஸ்வரம் பாடாமல், ராகம் பாடாமல், வெறும் சொல்லால். அவர்களை யாராவது "பேச்சுப் போட்டிக்குப் போ" என்று சொன்னார்களா? வித்வான் என்றுதான் சொன்னோம். நான் மட்டும் வேடசந்தூர்க்காரனிடம் வேறு அளவுகோலை நீட்டினேன்.

கொன்னக்கோலை விட ராப் ஒரு வகையில் கஷ்டம் என்றுகூட இப்போது சொல்வேன். பெரியவர்கள் கோபிக்க வேண்டாம். தகதிமிக்கு அர்த்தம் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். தமிழ்ச் சொல்லை அப்படி வைக்க முடியாது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியமே அளவு சொல்லியிருக்கிறது. அவசரத்தில் நெடிலை நசுக்கினால் பாடம் படமாகிவிடும், காலு கல்லாகிவிடும். இங்கிலீஷில் எந்த அசையை அழுத்துகிறோம் என்பதுதான் முக்கியம். நமக்கு நீளமே முக்கியம். இங்கிலீஷ் ராப் கேட்டுவிட்டு அதே அழுத்தத்தில் தமிழைச் சொல்லுகிற பையன்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். சொல் கேட்கும், புரியாது.

இன்னொன்று. அவர்களுக்கு வரியின் கடைசியில் ஒலி ஒத்து வர வேண்டும். நமக்கு முதல் எழுத்தில் மோனை, இரண்டாம் எழுத்தில் எதுகை, வரியின் தலையிலேயே இருக்கிறது. நல்ல தமிழ் ராப்பில் கவனித்துப் பாருங்கள், எதுகை சமத்தில் வந்து 'டொக்' என்று உட்காரும்.

இது புதுசும் இல்லை. பழனி நம் மாவட்டம்தான். அந்த முருகனைப் பாடிய அருணகிரிநாதரின் திருப்புகழில் பாட்டுக்குப் பாட்டு சந்தம் மாறும். வேகம் கூட்டிச் சொன்னால் நாக்கு சுளுக்கும். தஞ்சாவூர்ப் பக்கம் லாவணியில் மன்மதன் எரிந்தான், எரியவில்லை என்று இரண்டு கட்சி கட்டிக்கொண்டு, டேப் தட்டி, பாட்டாலேயே கேள்வி, பாட்டாலேயே பதில். அமெரிக்காவில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று ராப்பில் மோதுவதைப் பார்த்தபோது எனக்கு அதுதான் தோன்றியது. திண்டுக்கல்லிலேயே சக்தி கலைக்குழுப் பெண்கள் முப்பது வருடத்துக்கும் மேலாகப் பறையடிக்கிறார்கள். தலித் குடும்பத்துப் பிள்ளைகள். அந்த அடியைக் கேட்டுவிட்டு 'இதில் ராகம் எங்கே?' என்று கேட்கிறவனை என்ன செய்வது? நான் அப்படிக் கேட்டவன்தான். 2007இல் சுருதி, சுருதி என்று நான் சொன்னதில் எவ்வளவு சங்கீதம், எவ்வளவு மேட்டிமை என்று பிரித்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இதற்காக ராப் என்று வருகிற எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. சினிமாப் பாட்டு நடுவில் எட்டு வரி வேகமாகச் சொல்லி, பாதி புரியாத இங்கிலீஷ் போட்டு, தாளம் தவறிய இடத்தைக் கம்ப்யூட்டரில் நேர்செய்து விடுகிறார்களே, அது சீரகச் சம்பா இல்லாத சாதத்துக்குத் திண்டுக்கல் பிரியாணி என்று போர்டு மாட்டுகிற மாதிரி. சோதிக்க ஒரே வழி: பின்னணி இசையை நிறுத்திவிட்டு, சொல்லச் சொல்லுங்கள். தாளம் நம் காதில் தானாகக் கேட்கிறதா? கேட்டால் ஆள் வித்வான். ஹிப்ஹாப் தமிழா ஆதி நம்மைப் போல எஞ்சினியரிங் படித்தவர்தான். அவரது பாட்டுகள் எல்லாம் எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தாளம் பிசகாது. அறிவு 2019இல் 'தெருக்குரல்' கொண்டுவந்தார். 2021இல் தீயோடு சேர்ந்து 'எஞ்ஜாயி எஞ்சாமி'. அதில் அவர் வார்த்தையை நிறுத்துகிற இடங்களைக் கேளுங்கள். நிறுத்தத் தெரிவதுதான் லய ஞானம் என்று என் வாத்தியார் சொல்லுவார். மௌனத்துக்கும் மாத்திரை உண்டு.

ஆக, சுருதி ஞானம் இல்லாமல் ராப் பாடலாம். அதை நான் மறுக்கவில்லை. லய ஞானம் இல்லாமல் முடியாது. மூச்சுக் கணக்கு இல்லாமல் முடியாது. தமிழ் தெரியாமல் தமிழில் முடியவே முடியாது. இது மூன்றும் அவனிடம் அன்றைக்கே இருந்தது. பக்கெட் தட்டியவன் இரண்டு இடத்தில் தாளம் தவறினான், அவன் தவறவில்லை. அது என் காதுக்கு அன்றைக்கே தெரிந்தது. மிருதங்கம் கற்ற காது அல்லவா? தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

போன மாதம் போன் செய்தேன். "டேய், அந்தப் பஞ்சுப் பாட்டு ஞாபகம் இருக்கா?" என்றேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. "அப்பா இப்ப இல்லடா" என்றான். பிறகு, "பாட்டு இருக்கு" என்றான்.

நாலாவது வரிசையில், அவன் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வருவதற்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டான். தாளம் நான்தான் போட வேண்டுமாம். மிருதங்கம் கொண்டுவருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டான். அதனால் காலையிலேயே ஹாஸ்டலுக்குப் போய், வார்டன் சாரிடம் கேட்டு, இந்தப் பச்சை பக்கெட்டை வாங்கி வந்திருக்கிறேன். வாடா மாப்ளே, மைக் நல்லாத்தான் இருக்கு.