ஒரு கண்ணில் இரு நோய்

சண்டிலிப்பாயிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் முதியோர் ஒருவருக்குப் பார்வை மங்கத் தொடங்கினால், வீட்டார் கூறும் வார்த்தை பெரும்பாலும் ஒன்றேயாம். “அம்மாவுக்குக் கண்ணிலை புரை விழுந்திட்டுது. இன்னும் முத்தேல்லை, முத்தினாப் பிறகு வெட்டுவம்.” இவ்வார்த்தையில் அன்பு உண்டு, முன்னோரின் அநுபவமும் உண்டு. ஆனால் அந்த அம்மையாரின் மங்கலுக்குக் காரணம் வெண்புரை ஒன்றுதானா என்ற கேள்வி மட்டும் அதில் இல்லை. அக்கேள்வி கேட்கப்படாமையினாலே, முற்றட்டும் என்று காத்திருந்த காலத்தில், மீளாத குருட்டில் வீழ்ந்த கண்கள் பல.

வெண்புரை என்பது கண்ணுள் இருக்கும் வில்லை தன் தெளிவை இழத்தலாகும். பாலிலே நீரைக் கலந்தாற் போன்ற மங்கல் அது. வில்லையை அகற்றிச் செயற்கை வில்லையொன்றை அவ்விடத்தில் அமர்த்திவிட்டால், கண்ணின் பிற உறுப்புக்கள் நலமாயிருக்குமாயின், பார்வை மீளும். குளுக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோயோ வேறு இயல்பினது. கண்ணின் முற்பகுதியில் ஒருவகைத் தெளிநீர் இடையறாது ஊறுகின்றது. ஊறியது கருவிழியின் ஓரத்திலுள்ள நுண்ணிய வடிகால் வழியே வெளியேறுகின்றது. கிணற்றில் ஊற்றும் இறைப்பும் ஒத்திருந்தால் நீர்மட்டம் ஒருநிலையில் நிற்பதுபோல, ஊறலும் வடிதலும் ஒத்திருக்கும்வரை கண்ணுள் அழுத்தம் அளவோடு நிற்கும். பெரும்பாலான கண்களில் அது 10க்கும் 21க்கும் இடைப்பட்ட மில்லிமீற்றர் இரச அளவாகும். வடிகால் தடைப்பட்டால் அழுத்தம் ஏறும். கண்ணையும் மூளையையும் இணைக்கும் நரம்பின் ஏறத்தாழப் பத்து இலட்சம் இழைகள் ஒவ்வொன்றாக மாயும். மாய்ந்த இழையை உயிர்ப்பிக்க இன்றுவரை வழியில்லை. அளவான அழுத்தத்திலேயே நரம்பு நலிவோரும் உளர். ஆதலால் அளவுகருவி காட்டும் எண் ஒன்றையே நம்பி நல்ல வைத்தியர் தீர்ப்பளிப்பதில்லை. நரம்பின் தலையையும் பார்வைப் புலத்தையும் சேர்த்தே நோக்குவர்.

இந்நோயின் கொடுமை அதன் மௌனத்திலே உள்ளது. நடுப்பார்வை கடைசிவரை நிற்கும். ஓரப்பார்வையே முதலிற் போகும். புத்தகத்தின் எழுத்துத் தெரியும், பக்கத்தில் வரும் சைக்கிள் தெரியாது. வாசற்படியில் இடறுவார், “வயசு போச்சு” என்று பிறர் ஆறுதல் கூறுவர். சிலரில் மட்டும் வடிகாலின் வாயில் திடீரென அடைபட்டு, கண் சிவந்து, தலை பிளக்கும் வலியும் வாந்தியும் வரும். விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தோன்றும். அதனையும் பித்தவாந்தி என்று இஞ்சியும் மல்லியும் அவித்துக் கொடுத்துக் காலம் போக்குவோர் உளர். அவ்வாறு கழியும் ஒவ்வொரு மணி நேரமும் பார்வைக்குக் கேடு.

இவ்விரு நோய்களும் தனித்தனியே வருவதோடு, ஒன்றை மற்றது தூண்டவும் கூடும். வயதேற ஏற வில்லை தடிக்கின்றது. தடித்த வில்லை கண்மணித் திரையை முன்னோக்கித் தள்ளி வடிகாலின் வாயிலை நெருக்குகின்றது. ஆசிய மக்களிடையே இவ்வகை நெருக்கடி அதிகம். புரை மிகமுற்றி வில்லை நீரேறி வீங்கினால், ஓரிரு நாளிலேயே அழுத்தம் எல்லை கடந்து ஏறலாம். ஆகவே “முற்றட்டும்” என்ற வார்த்தை, காப்பாற்றும் வார்த்தையன்று. சிலவேளை நோயை வரவழைக்கும் வார்த்தையாகும்.

இருப்பினும் அவ்வார்த்தையைக் கூறிய முன்னோரைக் குறைகூறுதல் தகாது. பெரிய வாயாகக் கண்ணைத் திறந்து வில்லையை எடுத்த காலத்தில், எடுத்த வில்லைக்கு ஈடாக வைக்க எதுவும் இருக்கவில்லை. தடித்த கண்ணாடியே துணை. பார்வை மிகவும் குன்றும்வரை பொறுத்திருத்தல் அன்று நியாயமே. 1949ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டனில் ஹரல்ட் றிட்லி என்பார் முதன்முதலாகச் செயற்கை வில்லையைக் கண்ணுள் வைத்தார். 1967இல் அமெரிக்கராகிய சாள்ஸ் கெல்மன், கேளா ஒலியதிர்வினால் வில்லையைக் கரைத்து உறிஞ்சும் முறையைக் கண்டார். இம்முறைக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் வாயே போதும். கல்லாக இறுகிய வில்லையோ இதற்கு இடையூறு. காலம் மாறிற்று, வீட்டு வார்த்தை மாறவில்லை.

இத்துறையின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பங்கு உண்டு. சண்டிலிப்பாயை அடுத்த மானிப்பாயில், அமெரிக்க மிஷன் வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848ஆம் ஆண்டளவில் வைத்தியப் பணியைத் தொடங்கினார். அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் மாணவரை வைத்தியராக்கிய அப்பெரியார், அங்காதிபாதம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார்; இரணவைத்தியம் என்னும் சத்திரசிகிச்சை நூல் 1867இல் வெளிவந்தது. அவர் மானிப்பாயிலே கற்பித்துக்கொண்டிருந்த அக்காலத்திலேதான், 1857ஐ ஒட்டி, பேர்ளின் நகரில் வொன் கிறேவ என்பார் கண்மணித் திரையில் ஒரு சிறு துண்டை வெட்டியெடுத்துக் குளுக்கோமாவைத் தணிக்கலாம் எனக் காட்டினார். அதற்கு முன்னர் அந்நோய்க்கு ஆயுத வைத்தியம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை.

அடுத்த பெரும் அடி சென்னையில் வைக்கப்பட்டது. 1819இல் நிறுவப்பெற்ற சென்னை அரசினர் கண் வைத்தியசாலையின் தலைவராயிருந்த றொபேட் ஹென்றி எலியற், 1909ஆம் ஆண்டில், கருவிழியும் வெண்விழியும் சந்திக்கும் இடத்தில் வட்டமான சிறு துளையிட்டு, மேற்சவ்வினால் அதனை மூடிவிடும் முறையைக் கையாண்டார். அடைபட்ட வடிகாலைத் தோண்டுவதை விட்டுப் புதிய மதகு ஒன்றைத் திறந்தமையே அவர் செய்தது. அம்முறை உலகெங்கும் பரவிற்று. அதே எலியற், ஊர்சுற்றும் நாட்டு வைத்தியர் ஊசியினாற் புரை வில்லையைக் கண்ணுள்ளேயே தள்ளிவிடும் பழைய முறையையும் ஆராய்ந்து, 1917இல் இலண்டனில் விரிவுரையாற்றினார். ஊசி பட்ட கணத்தில் நோயாளி விரல்களை எண்ணுவார். வைத்தியர் கூலி பெற்று அடுத்த ஊர் செல்வார். பின்னர் அழற்சியும் அழுத்தமும் வந்து கண் கெடும். முதுமையில் எலியற் இந்தியக் கயிற்று வித்தையைப் பொய்யென நிறுவ முயன்றதும் உண்டு; கண்கட்டு வித்தையின்மீது அவருக்கிருந்த பகை புரிந்துகொள்ளத்தக்கதே.

எலியற்றின் துளைக்கும் ஒரு குறை இருந்தது. மூடிய சவ்வு நாளடைவில் மெலிந்து, ஆண்டுகள் கழிந்த பின்னும் கிருமி நுழைய இடந்தந்தது. 1968இல் கேம்பிறிட்ஜ் நகரைச் சேர்ந்த கெயின்ஸ் என்பார் வெளியிட்ட முறையில், துளையின்மேல் வெண்விழியின் பாதித் தடிப்புள்ள இதழொன்று கதவுபோல் அமைகின்றது. நீர் கதவின் ஓரத்தால் மெல்லக் கசிந்து, மேல்இமையின் கீழ் மறைந்த சிறு கொப்புளமாகத் தேங்கி, உடலினுள் உறிஞ்சப்படும்.

இக்கதவையும் வெண்புரைச் சிகிச்சையையும் ஒரே அமர்வில் செய்வதே கூட்டுச் சத்திரசிகிச்சை. கண்ணை மாத்திரம் மரக்கச் செய்து, வில்லையைக் கரைத்தெடுத்து, செயற்கை வில்லையை வைத்து, பின்னர் வடிகால் துண்டொன்றை நீக்கி, இதழைத் தளர்வாகத் தைப்பர். தழும்பு வளர்ந்து கதவை அடைத்துவிடாதிருக்க மைற்றோமைசின் என்னும் மருந்தைச் சில நிமிடம் அவ்விடத்தில் வைத்துக் கழுவிவிடுவதும் வழக்கம்.

எல்லாருக்கும் இது வேண்டுவதன்று. ஒரு துளிமருந்தினால் அழுத்தம் அடங்கியிருக்குமாயின் வெண்புரையை மட்டும் அகற்றினாற் போதும். தடித்த வில்லையே வாயிலை நெருக்கும் கண்களில், வில்லையை எடுத்தலே பெரிதும் பயன் தருமென 2016இல் லான்செற் சஞ்சிகையில் வந்த ஆய்வொன்று காட்டிற்று. பல மருந்துகளாலும் அடங்காத அழுத்தமும், வாழ்வை முடக்கும் புரையும் ஒருங்கே உள்ளவருக்கே கூட்டுச் சிகிச்சை பொருந்தும். தனித்துச் செய்யும் வடிகால் சிகிச்சை அழுத்தத்தைச் சற்று அதிகமாகவே தணிக்கும் என்பதும் உண்மை. புரை நீக்கத்தின் அழற்சி தழும்பை வளர்ப்பதே காரணம். ஆனால் வடிகாலை முன்னும் புரையைப் பின்னும் செய்தால், இரண்டாம் சிகிச்சை முதலாவதன் கதவை அடைத்துவிடக்கூடும். இதனோடு வழியின் தூரத்தையும் எண்ண வேண்டும். கண்டி வீதி 1990 முதல் 2002 வரையும், மீண்டும் 2006 ஓகஸ்ட் முதல் 2009 வரையும் மூடப்பட்டிருந்த காலத்தில், கொழும்புக்கு ஒருமுறை செல்லுதலே பெரும்பாடு. இன்று வழி திறந்திருப்பினும், துணைக்கு வர மகன் கனடாவிலும் மகள் இலண்டனிலும் இருக்கும் முதியவருக்கு, இருமுறை படும் துன்பம் ஒருமுறையாகக் குறைதல் சிறு நன்மையன்று.

நோயாளிக்கு முன்கூட்டியே உரைக்க வேண்டியது ஒன்றுண்டு. வெண்புரை மறைத்த பார்வை திரும்பும். குளுக்கோமா கொண்டுபோன பார்வை திரும்பாது. பக்கத்து வீட்டார் புரை வெட்டிய மறுநாள் பத்திரிகை படித்தாரென்று, தமக்கும் அவ்வாறே ஆகுமென எண்ணுதல் ஏமாற்றத்துக்கு வழி. முதற் சில வாரங்கள் அடிக்கடி வைத்தியசாலைக்குச் சென்று கதவின் கசிவைச் சரிபார்த்தல் வேண்டும். கூடினால் கண் தளரும். குறைந்தால் தையலொன்றைத் தளர்த்துவர். கண்ணைக் கசக்கலாகாது. எஞ்சிய துளிமருந்தைப் பிறருக்குக் கொடுத்தலும், சிவந்த கண்ணுக்கென மருந்துக்கடையில் தாமே வாங்கி மாதக்கணக்கில் விடுதலும் ஆகா. அத்தகைய மருந்துகள் சிலவற்றிலுள்ள ஸ்ரீறோயிட் கண்ணழுத்தத்தை ஏற்றிவிடும்.

ஐந்தாண்டு கழிந்த பின்னரும் அக்கண் திடீரெனச் சிவந்து, நொந்து, பீளை கட்டுமாயின், விடியட்டும் என்று பாராது அன்றே கண் வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். அந்நோயாளியின் உடன்பிறந்தாரும் நாற்பது வயது கடந்த பிள்ளைகளும், குறையொன்றும் தோன்றாவிடினும், தத்தம் கண்ணழுத்தத்தையும் நரம்பையும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. இந்நோய் குடும்பவழி வருவது.