வயிற்றில் பிள்ளை, கையில் புத்தகம்



பள்ளிக்கூடம் போகும் பெண் கர்ப்பமாகிவிட்டாள். அவளைப் பள்ளியை விட்டு நிறுத்தலாமா?

'நிறுத்தத்தான் வேண்டும். மற்றப் பிள்ளைகளும் கெட்டுப்போவார்கள்' என்று பலர் சொல்வார்கள். ஒரு நாட்டின் அரசாங்கமே அப்படிச் சொன்னது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் சியரா லியோன் என்ற சிறிய நாடு இருக்கிறது. 2014இல் அங்கே எபோலா என்ற கொள்ளைநோய் பரவியது. பள்ளிகளை மூடினார்கள். பல மாதம் திறக்கவில்லை. வீட்டில் வறுமை. பாதுகாப்பும் இல்லை. பல மாணவிகள் கர்ப்பமானார்கள். சிலர் பலாத்காரத்துக்கு ஆளானவர்கள்.

2015 ஏப்ரலில் பள்ளிகள் திறந்தன. ஆனால் கர்ப்பிணி மாணவிகள் பள்ளிக்கு வரக்கூடாது, பரீட்சையும் எழுதக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. சில பள்ளிகளில் மாணவிகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். அதற்குப் பயந்தே சிலர் படிப்பை விட்டார்கள்.

பிறகு அவர்களுக்குத் தனி வகுப்பு வைத்தார்கள். வாரத்தில் 3 நாள். 4 பாடம் மட்டும். அது போதுமா?

கர்ப்பத்துக்குக் காரணமான ஆண் எங்கே? அவனுக்குத் தடை இல்லை. அவன் மாணவனாக இருந்தால் தினமும் பள்ளிக்குப் போகலாம். தண்டனை பெண்ணுக்கு மட்டும். இது நியாயமா?

சில அமைப்புகள் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொது நீதிமன்றத்துக்குப் போயின. 2019 டிசம்பர் 12இல் தீர்ப்பு வந்தது. தடை பாரபட்சமானது, அதை நீக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2020 மார்ச் 30இல் அரசாங்கம் தடையை நீக்கியது. பள்ளிக் கதவு திறந்தது.

இந்தியாவில் 18 வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது குற்றம். ஆனாலும் நடக்கிறது. சின்ன வயதிலேயே வயிற்றில் பிள்ளை. படிப்பு நின்றுவிடுகிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? 8ஆம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக்கூடாது. அதன் பிறகு படிப்பு நின்றாலும் வழி உண்டு. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்து, வீட்டிலிருந்தே படித்து, 10, 12ஆம் வகுப்புத் தேர்வு எழுதலாம்.

கர்ப்பம் பத்து மாதம். படிப்பு இல்லாத கஷ்டம் ஆயுள் முழுவதும். கைநாட்டு வைத்த விரலுக்கு அது தெரியும். படித்த தாய் மருந்துச் சீட்டைப் படிப்பாள். கூலிக் கணக்கில் ஏமாறமாட்டாள். தன் பிள்ளையையும் படிக்க வைப்பாள்.

உங்கள் தெருவில் அப்படி ஒரு பெண் இருந்தால் ஏசாதீர்கள். அவளோடு தலைமை ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள். பிரசவம் முடிந்து உடம்பு தேறியதும் பள்ளிக்கு அனுப்புங்கள். குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொள்ளட்டும்.

அவள் படிக்கட்டும்!