குதிரைக் காய்ச்சலும் தடுப்பூசித் தெரிவும்



2003ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தின் நியூமார்க்கற் நகரிலுள்ள பந்தயக் குதிரை இலாயங்களில் இன்புளுவென்சாக் காய்ச்சல் பரவியது. குதிரைகள் இருமின, பயிற்சி தடைப்பட்டது. வியப்பு யாதெனில், அவை தடுப்பூசி ஏற்றப்பெற்ற குதிரைகள் என்பதே.

பாடசாலை அதிபராகிய எனக்கு இது முற்றிலும் புதுமையாகத் தோன்றவில்லை. பழைய வினாத்தாள்களை மனனஞ் செய்த மாணவன், வினா சற்றே மாறியதும் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பதை ஆண்டுதோறும் காண்கிறேன். குதிரையின் உடலும் தடுப்பூசி காட்டிக்கொடுத்த வைரசின் உருவத்தையே நன்கு அடையாளங் காணும். வைரசோ தன் மேற்புறத்துப் புரதங்களைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே செல்வது.

1956இல் பிராக் நகரிலே எச்7என்7 என்னும் வகை முதன்முதல் பிரித்தெடுக்கப்பட்டது. 1963இல் மயாமியிலே எச்3என்8 வகை கண்டறியப்பட்டது. முன்னது நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்கும் அகப்படவில்லை. ஆயினும் அது மறைந்த பின்னரும் நெடுங்காலம் தடுப்பூசிகளில் சேர்க்கப்பட்டே வந்தது. பழக்கத்தின் வலிமை அத்தகையது! பின்னது ஐரோப்பியக் கிளை, அமெரிக்கக் கிளை எனப் பிரிந்தது. அமெரிக்கக் கிளையிலே தோன்றிய புளோரிடாப் பிரிவு மீண்டும் இரண்டாயிற்று.

இவற்றுள் எதனைத் தடுப்பூசிக்குத் தெரிவது? நோயுற்ற குதிரையின் மூக்கிலிருந்து பஞ்சினால் ஒற்றியெடுத்த சளியிலிருந்தே வேலை தொடங்குகிறது. அதிலுள்ள வைரசைக் கருக்கொண்ட கோழிமுட்டையில் வளர்த்து, அதன் மரபணுவை ஆராய்வர். அம்மட்டில் நின்றுவிடுவதில்லை. இவ்வைரசுக்குச் செங்குருதிக் கலங்களைத் திரளச் செய்யும் இயல்பு உண்டு. தடுப்பூசியிலுள்ள பழைய இனத்தினால் தொற்றுண்ட பெரற் என்னும் சிறு விலங்கின் குருதிநீரைப் புதிய வைரசுடன் சேர்த்துப் பார்ப்பர். அத்திரட்சி நன்கு தடைப்படுமாயின் பழைய இனம் இன்னும் பயன்படும். தடுக்கும் வலிமை வெகுவாகக் குன்றின் புதிய இனம் வேண்டும்.

இத்தகைய முடிவுகளை உலக விலங்குச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆண்டுதோறும் சீர்தூக்குகிறது. 2010 முதல் புளோரிடாப் பிரிவின் இரு கிளைகளையும் தடுப்பூசியிற் சேர்க்குமாறு அக்குழு விதந்துரைத்தது. எச்7என்7 இனி வேண்டியதில்லை என்றும் கூறியது. விதந்துரைப்பது எளிது, உற்பத்தியாளர் புதிய இனத்தை வளர்த்து, பரிசோதித்து, அனுமதி பெறுவதற்கு ஆண்டுகள் பல செல்லும். அதற்குள் வைரசு மேலும் மாறிவிடலாம்.

அரைகுறைக் காப்புப் பெற்ற குதிரையே பெரும் இடர். அது நோய்க்குறி அதிகம் காட்டாது. மூச்சோடு வைரசை மட்டும் வெளிவிடும். 2007 ஓகஸ்ட் மாதத்தில், அதுகாறும் இந்நோயை அறியாத அவுஸ்திரேலியாவுக்குள் இது புகுந்தது. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து, சிட்னிக்கு அருகே தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட குதிரைகளும் தடுப்பூசி பெற்றவையே. உள்நாட்டுக் குதிரைகளுக்கோ எவ்விதக் காப்பும் இருக்கவில்லை. ஏறத்தாழ 70,000 குதிரைகள் நோயுற்றன. சிட்னியின் வசந்தகாலப் பந்தயங்கள் கைவிடப்பட்டன. அவ்வாண்டு டிசம்பர் மாத முடிவிலேதான் நோய் ஓய்ந்தது.