பழைய காற்றோட்டச் சாதனங்களும் ஏல முறையும்

(ஐதராபாத்தில் மத்திய அரசு அலுவலர்களிடையே நிகழ்த்திய உரை)



ஒரு சாதனத்தை வாங்குவதற்கு நாம் எத்தனை கோப்புகள் எழுதுகிறோம்! அதே சாதனம் உழைத்து ஓய்ந்தபின், "உள்ளது உள்ளவாறு, உள்ள இடத்தில்" என்ற ஒரே வரியில் ஏலம் விட்டுவிடுகிறோம். கூரைக்குள் ஓடும் காற்றுக்குழாய்கள், பெரிய விசிறிகள், குளிர்சாதன இயந்திரம் அனைத்தையும் கழற்றும் பொறுப்பு ஏலம் எடுத்தவருடையதாகிறது. இந்த ஏற்பாட்டின் பொருளாதாரத்தைச் சற்று ஆராய்வோம்.

இச்சாதனங்களிலுள்ள செம்புக்கும் அலுமினியத்துக்கும் இரும்புக்கும் சந்தையில் விலை உண்டு. விலை இல்லாதவையும் அவற்றோடு சேர்ந்தே வருகின்றன. பழைய இயந்திரங்களிலுள்ள ஆர்-22 வாயு ஓசோன் படலத்தை அரிப்பது. புவியைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 1,800 மடங்கு ஆற்றல் உடையது. ஒன்றரை டன் குளிர்சாதனம் ஒன்றில் சுமார் ஒரு கிலோ வாயு இருக்கும். ஓசோன் படலத்தைக் காக்கும் 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையில் 1992இல் இந்தியா சேர்ந்தது. ஆனால், குழாயை இரம்பத்தால் அறுப்பவருக்கு அந்த ஒரு கிலோ வாயு வெறும் சீழ்க்கை ஒலிதான்.

அடுத்தது கல்நார். இந்நகருக்கு இது அந்நியமான பொருளன்று. 1946இல் தொடங்கப்பட்ட ஐதராபாத் நிறுவனமொன்றின் "சார்மினார்" கல்நார்ச் சிமெண்டுத் தகடுகள் நாடெங்கும் கூரையாயின. பழைய கட்டடங்களில் காற்றுப்போக்கிக் குழாய்களிலும், விசிறியைக் குழாயோடு இணைக்கும் துணியிலும், வெப்பக் காப்பு உறைகளிலும் கல்நார் இருக்கக்கூடும். அசையாதிருக்கும் வரை அதனால் தீங்கு குறைவு. சுத்தியலால் உடைக்கும்போதுதான் கண்ணுக்குப் புலப்படாத இழைகள் நுரையீரலுக்குள் செல்கின்றன. நோய் தோன்றப் பல பத்தாண்டுகள் ஆகலாம். இதனாலேயே உச்ச நீதிமன்றம் 1995இல் அளித்த தீர்ப்பில், கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டைப் பணியில் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டுமென்று கூறியது. பழைய இரும்பு வணிகர் நாட்கூலிக்கு அழைத்து வரும் இளைஞருக்கு அத்தகைய பதிவேடு ஏது?

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஓர் இயந்திரத்திலுள்ள உலோகத்தின் மதிப்பு 1,00,000 ரூபாய் எனக் கொள்வோம். வாயுவை உருளையில் சேகரித்து, கல்நாரை நனைத்து உடையாமல் எடுக்க 30,000 ரூபாய் செலவாகும். இதைச் செய்ய எண்ணுபவர் 60,000 ரூபாய் கேட்பார். செய்ய எண்ணாதவர் 85,000 கேட்பார். நாம் யாருக்குக் கொடுப்போம்? தணிக்கையாளருக்கு அஞ்சி இரண்டாமவருக்கே கொடுப்போம். கூடுதலாகக் கிடைத்த 25,000 ரூபாயை வருவாய் என்று எழுதுகிறோம். உண்மையில் அது அந்த இளைஞரின் நுரையீரலிலிருந்து வந்த தொகை.

விதிகள் இல்லாமலில்லை. உடல்நலத்துக்கு ஊறு செய்யும் பொருள்களை மாசு நேராவண்ணம் அகற்றுமாறு 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளே கூறுகின்றன. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், பெருமளவில் பயன்படுத்தும் அலுவலகங்கள் பதிவு பெற்றோரிடமே பழைய சாதனங்களை ஒப்படைக்கப் பணிக்கின்றன. ஆனால் தகரக் குழாயும் கல்நார் உறையும் மின்சாதனங்கள் அல்லவே!

எனவே நான் பரிந்துரைப்பது, கழற்றும் வேலையை ஏலத்திலிருந்து பிரித்துவிடுவது. முதலில் நாமே கூலி கொடுத்து, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு வாயுவையும் கல்நாரையும் அகற்ற வேண்டும். அதன்பின் வெறும் உலோகத்தை ஏலம் விடலாம். அப்போது அதிக விலை கேட்பவருக்கே கொடுப்பதில் தவறில்லை. கல்நார்க் கழிவை உறையிலிட்டு, துண்டிகலிலுள்ள அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்பி, அந்நிலையத்தின் பற்றுச்சீட்டு வந்தபின்பே வேலைக்கான பணத்தை வழங்கலாம். இதற்கான செலவைப் புதிய இயந்திரத்தின் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட்டால், தனி நிதி தேட வேண்டியதில்லை.

இன்னொன்று: வாயு உருளையை வேலைக்கு முன்னும் பின்னும் நிறுத்து, எடையைக் கோப்பில் குறிக்கச் செய்யுங்கள். எடை கூடவில்லையெனில், வாயு முன்பே கசிந்ததா, அன்று திறந்துவிடப்பட்டதா என்று அலுவலர் கேட்கலாம். பதிலைப் பெற்ற பின்பே பட்டியலில் கையெழுத்திடலாம்.